ஓடுற வண்டியை ஏன் பிரிக்கணும்? - லினக்ஸ் கெர்னலும் தேவையில்லாத ஆணிகளும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். பொட்டி தட்டும் மக்களுக்கு மட்டும் என்று நினைத்து ஓடிவிட வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கும் புரியும். டீ ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பது உத்தமம் :-)

*

"ஓடுற வண்டியை ஏம்ப்பா பிரிக்கிறே?"

மென்பொருள் எழுதும் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பழைய நிரலைத் திறந்து பார்க்கிறார். ஒரே வேலையை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதை ஒழுங்குபடுத்தி ஒரே இடத்துக்குக் கொண்டு வரலாமே என்கிறார். மேலே இருப்பவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். "இதனால கஸ்டமருக்குப் புதுசா என்ன கிடைக்கும்?" புதிதாக ஒன்றும் கிடைக்காது. "அப்போ இது தேவையில்லாத ஆணி. போய் ஆக வேண்டிய வேலையைப் பாரு." கதை முடிந்தது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காசு, நேரம், ஆள் மூன்றையும் போட்டு, கடைசியில் நிரல் முன்பு செய்த அதே வேலையைத்தான் செய்யப் போகிறது என்றால் எந்த முதலாளிதான் சம்மதிப்பார்? ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. பழைய நிரல் சரியாக "ஓடிக்கொண்டிருக்கிறது" என்பதை யார் சோதித்துப் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. புகார் வரவில்லை, அதனால் ஓடுகிறது. அவ்வளவுதான் ஆதாரம்.

இந்த ஆதாரம் எவ்வளவு ஓட்டை என்று பார்க்க வேண்டுமானால், உலகத்திலேயே அதிகம் பேர் கண் வைத்திருக்கும் ஒரு நிரலின் இருட்டு மூலைக்குப் போகலாம். லினக்ஸ் கெர்னல். மூன்று கோடி வரிகளுக்கு மேல் இருக்கும் கடல். அதில் "ஸ்டாக் வாக்கிங்" என்று ஒரு சின்னப் பகுதி. யாருக்கும் வேண்டாத பகுதியாக இருந்தது. அதைப் பிரித்து மேய்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது, மேயாமல் விட்டிருந்தால் என்ன போயிருக்கும் என்பதுதான் விஷயம்.

*

கம்பியில் குத்திய சீட்டு

மளிகைக் கடைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பியைப் பார்த்திருப்பீர்கள். பில்லை எல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். கடைசியாக வந்த சீட்டு மேலே, முதலில் வந்தது அடியில்.

கணினியின் ஸ்டாக் என்பது இந்தக் கம்பிதான். ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, "வேலை முடிந்ததும் இந்த இடத்துக்குத் திரும்பி வா" என்று ஒரு முகவரியைக் குத்திவிட்டுப் போகிறது. அது மூன்றாவதைக் கூப்பிட்டால் அதற்கு மேல் இன்னொரு சீட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினால், யாரை யார் கூப்பிட்டார்கள், இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்ற முழுக் கதையும் கிடைக்கும். அப்படிப் படித்துக்கொண்டே இறங்குவதுதான் ஸ்டாக் வாக்கிங். கெர்னல் தடுக்கி விழும்போது திரையில் வரிசையாகப் பெயர்கள் வருமே, அது இந்த நடையின் பதிவு.

இதில் என்ன கஷ்டம்? கம்பியில் பில் மட்டும் இருப்பதில்லை. ஃபங்ஷன்கள் தங்கள் சொந்தக் கணக்குகளையும், ரெஜிஸ்டர்களின் பழைய மதிப்புகளையும் அதே கம்பியில்தான் குத்துகின்றன. 64 பிட் எந்திரத்தில் எல்லாமே பார்வைக்கு 8 பைட் எண்கள்தான். எது திரும்பும் முகவரி, எது யாரோ விட்டுப்போன பழைய குப்பை என்று காகிதத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

கம்பியும் ஒன்று இல்லை. 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கெர்னலுக்குள் தனி ஸ்டாக் உண்டு. 2014 வரை அது 8 கிலோபைட். அந்த வருடம் 16 கிலோபைட் ஆனது. இது போக இன்டரப்ட் வந்தால் அதற்கு ஒரு ஸ்டாக், தடுக்கவே முடியாத இன்டரப்டுக்கு இன்னொன்று, இரட்டைப் பிழைக்கு வேறொன்று. நடப்பவர் ஒரு கம்பியின் அடிக்கு வந்ததும் அடுத்த கம்பிக்குத் தாவ வேண்டும். தாவும்போது கால் தவறினால் கெர்னல் மெமரியில் எங்கேயோ போய் விழுவார்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, ஊகம். ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, "இது நிரல் இருக்கும் பகுதியின் முகவரி மாதிரி தெரிகிறதா?" என்று பார்ப்பது. தெரிந்தால் பட்டியலில் சேர்ப்பது. பழைய குப்பையும் கூடவே வந்துவிடும். இரண்டாவது வழி, ஃப்ரேம் பாயிண்டர். ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே நுழைந்ததும் முந்தைய ஃப்ரேம் எங்கே என்று ஒரு ரெஜிஸ்டரின் உதவியோடு சங்கிலி கோத்துவிட்டுப் போவது. நம்பகமானது, ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனும் கப்பம் கட்ட வேண்டும். மூன்றாவது வழி, நிரலின் எந்த இடத்தில் நின்றால் ஸ்டாக்கில் எத்தனை அடி தள்ளி முந்தைய சீட்டு இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்வது.

*

நாலு பேர், நாலு நடை

2016 வரை எக்ஸ்86 கெர்னலில் இருந்த நிலைமையைப் பாருங்கள். உள்ளே ஒரு பொது நடை இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் சொந்தக் குட்டி ஃபங்ஷன்களைக் கட்டாகக் கட்டி அதனிடம் கொடுக்க வேண்டும். "சீட்டு கிடைத்தால் இதைக் கூப்பிடு, கம்பி மாறினால் அதைக் கூப்பிடு" என்கிற ரகம். விழுந்த கெர்னலின் கதையை அச்சடிப்பவர், வேகம் அளக்கும் பெர்ஃப், அதே வேலைக்கு அதற்கு முன்பே இருந்த ஓப்ரொஃபைல், ஸ்டாக்கைச் சேமித்து வைப்பவர் என்று நாலு பேர் நாலு கட்டுகளோடு வந்தார்கள். யார் எதை நம்புகிறார்கள், யாருடைய பட்டியலில் ஊகமும் உண்மையும் கலந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளவே ஒரு நாள் வேண்டும்.

அந்த வருடம் ஆண்டி லூட்டமிர்ஸ்கி கெர்னல் ஸ்டாக்குகளை வேறு வகை மெமரிக்கு மாற்றும் வேலையில் இருந்தார். ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்தில் இருப்பதை ஓசையில்லாமல் அழிக்காமல், காவல் பக்கத்தில் மோதி உடனே தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். அதே சமயத்தில் ரெட் ஹாட்டில் இருந்த ஜோஷ் பாய்ம்போஃப் நடையைப் பிரித்தார். "ஆரம்பி, அடுத்த ஃப்ரேமுக்குப் போ, முடிந்ததா சொல், முகவரியைக் கொடு" என்று சின்னதாக ஒரு இடைமுகம். அதற்குப் பின்னால் எந்த வழி வேண்டுமானாலும் இருக்கலாம். பிறகு பெர்ஃபை மாற்றினார். சேமிப்பவரை மாற்றினார். ஓப்ரொஃபைலை மாற்றினார். அச்சடிப்பவரை மாற்றினார். யாரும் பழையதைப் பயன்படுத்தவில்லை என்று ஆன பிறகு பழையதைத் தூக்கிப் போட்டார். ஒவ்வொன்றும் தனித்தனிப் பேட்ச். டிசம்பர் 2016-ல் வந்த 4.9 கெர்னலில் புதிய இடைமுகம் இருந்தது.

"சரி, கஸ்டமருக்குப் புதுசா என்ன கிடைச்சது?" அன்றைய தேதிக்கு ஒன்றுமில்லை. சந்தேகமே வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் முன்பு வந்த அதே பட்டியல்தான் வந்தது. மேலாளரின் கேள்வித்தாளில் இந்த வேலைக்கு முட்டை மார்க்தான்.

*

எதிர்க்கட்சியின் துருப்புச் சீட்டு

எதிர்த்தரப்பிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது அழகில்லை.

2006-ல் இதே இடத்தில் கை வைத்துச் சுட்டுக்கொண்ட கதை அது. அந்த வருடம் 2.6.18 கெர்னலில் ட்வார்ஃப் என்ற பிழைகாண் தகவலை வைத்து நடக்கும் ஒரு புது நடை சேர்க்கப்பட்டது. யான் போய்லிஷ் எழுதியது. கொள்கை அளவில் பிரமாதம். ஊகம் கிடையாது, கம்பைலர் எழுதிக்கொடுத்த துல்லியமான விவரம். ஆனால் ட்வார்ஃப் என்பது ஒரு குட்டி நிரல்மொழி மாதிரி சிக்கலானது. அதைப் படிக்கும் நிரலிலும் தப்பு இருந்தது. அதற்குக் கிடைத்த தகவலிலும் தப்பு இருந்தது. கெர்னல் விழுந்து கிடக்கும் நேரத்தில் "எப்படி விழுந்தாய்?" என்று விசாரிக்கப் போன போலீஸ்காரரே வழுக்கி விழுந்தால் எப்படி இருக்கும்? லினஸ் டோர்வால்ட்ஸ் அதே வருடம் டிசம்பரில் அதைத் தூக்கி எறிந்தார். பிற்பாடு மறுபடி கொண்டுவரலாமா என்ற பேச்சு வந்தபோதெல்லாம் மனிதர் மசியவே இல்லை. 2017-லும் அவர் நிலை அதுதான்: விழுந்த கதையைச் சொல்லும் கருவி எளிமையாக இருக்க வேண்டும், அதற்கே பழுது வரும் என்றால் அது வேண்டாம்.

"பாத்தியா? தொடாதேன்னு சொன்னோம்ல?" என்று எதிர்த்தரப்பு துள்ளுவது இந்த இடத்தில்தான்.

துள்ளலை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2006-ல் நடந்தது துப்புரவா? பழைய, குழப்பமான வீட்டுக்குள் பளபளப்பான புது எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலாளர்கள் கைதட்டி வரவேற்கும் "புது அம்சம்" அதுதான்! வீட்டை ஒழுங்குபடுத்தாமல் புதுசைச் சேர்த்ததால் வந்த வினையை, வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கு எதிரான ஆதாரமாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

2016-ல் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். புதிதாக எழுதிய அச்சடிக்கும் பகுதியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நடை ஒரு பக்கம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும். கூடவே, ஸ்டாக்கில் நிரல் முகவரி போலத் தெரியும் எல்லா எண்ணும் தேடி எடுக்கப்படும். நடை உறுதி செய்தவை சாதாரணமாக அச்சாகும். உறுதி செய்யாதவை முன்னால் ஒரு கேள்விக்குறியோடு அச்சாகும். நடை வழிதவறிப் போனாலும் பட்டியல் வெறுமையாகாது. லினக்ஸ் விழுந்த படத்தை எங்காவது பார்த்தால் கவனியுங்கள், சில பெயர்களுக்கு முன்னால் அந்தக் கேள்விக்குறி நிற்கும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதன் பெயர் தெரியும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையைக் கண்ட இடத்தில் திணித்து கணக்கை டாலி ஆக்குகிறவர் திருடர். "இது என்ன என்று இன்னும் தெரியவில்லை" என்று தனியாக எழுதி வைப்பவர்தான் கணக்கர். கேள்விக்குறி முன்பே இருந்ததுதான். ஆனால் யார் சொல்வது உறுதி, யார் சொல்வது ஊகம் என்று பிரித்து எழுதும் ஒரே பேரேடு, துப்புரவுக்குப் பிறகுதான் கிடைத்தது.

*

வட்டி வர ஆரம்பித்தது

இனிதான் மேலாளர்கள் கவனிக்க வேண்டிய கட்டம்.

இடைமுகம் சுத்தமானதும், அதற்குப் பின்னால் இருக்கும் வழியை மாற்றுவது சுலபமானது. ஃப்ரேம் பாயிண்டருக்குக் கட்டும் கப்பம் சின்னதில்லை. கெர்னலின் நிரல் அளவு சுமார் 3.2 சதவீதம் கூடுகிறது. சில வகை வேலைகளில் வேகம் 5 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாக மெல் கார்மன் அளந்து காட்டினார். நினைத்துப் பாருங்கள், விழுந்தால் கதை சொல்வதற்காக, விழாத நேரத்திலும் ஒவ்வொரு நொடியும் கப்பம்!

நவம்பர் 2017-ல் வந்த 4.14 கெர்னலில் பாய்ம்போஃப் ஆர்க் என்ற புது வழியைச் சேர்த்தார். கெர்னலைக் கட்டும்போதே ஆப்ஜ்டூல் என்ற கருவி நிரலின் ஒவ்வொரு பாதையிலும் நடந்து பார்த்து, எளிமையான ஒரு அட்டவணையைப் போட்டுக் கொடுத்துவிடும். ஓடும்போது ஃபங்ஷன்கள் எந்தக் கப்பமும் கட்டத் தேவையில்லை. விலை, 2 முதல் 4 மெகாபைட் கூடுதல் மெமரி. ட்வார்ஃபைவிட சுமார் 20 மடங்கு வேகம் என்று அளந்தார்கள். பெயரிலும் குசும்பு உண்டு. பழங்கதைகளில் ட்வார்ஃப் என்ற குள்ளர்களுக்கு ஜென்மப் பகைவர்கள் ஆர்க் என்ற பூதங்கள் :-)

2006-ல் அடிவாங்கிய அதே கனவு, 2017-ல் பலித்தது. நடுவில் மாறியது என்ன? ட்வார்ஃபின் சிக்கலை வெளியே விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் கருவியைத் தனியாக முதலிலேயே வளர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். மேலாளர் முட்டை மார்க் போட்ட அந்த வேலைதான் அஸ்திவாரம்.

இன்னொரு வட்டியும் உண்டு. புதிய நடை, சங்கிலி அறுந்திருப்பதைப் பார்த்தால் சும்மா போகாமல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. எச்சரிக்கையைப் பின்தொடர்ந்து போனால் எங்கே போய் நின்றார்கள் தெரியுமா? மறையாக்க நிரல்களில். பிளோஃபிஷ், கமேலியா, டூஃபிஷ், ஷா-1, ஷா-256 என்று அசெம்பிளியில் கையால் எழுதிய பல நிரல்கள், சங்கிலிக்கென்று ஒதுக்கிய ரெஜிஸ்டரையே தங்கள் கணக்குக்கு எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு இன்டரப்ட் வந்து யாராவது நடந்து பார்த்தால் கதை தாறுமாறு. 2017-ல் எரிக் பிக்கர்ஸ் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். "ஓடிக்கொண்டிருந்த வண்டி"யில் இத்தனை நாளாக இந்தப் பழுது இருந்தது. புகார் வரவில்லை, அவ்வளவுதான்.

*

"அது வெறும் டீபக் நிரல்தானே?"

அடுத்த சமாளிப்பு இது. விழுந்தால் மட்டும் தேவைப்படும் நிரல், அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அப்படி இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று இல்லை. லைவ் பேட்சிங் என்ற வித்தையை எடுத்துக்கொள்வோம். எந்திரத்தை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஒரு ஃபங்ஷனைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது. பாதுகாப்பு ஓட்டை தெரிந்துவிட்டது, ஆனால் பகல் நேரத்தில் சர்வரை அணைக்க முடியாது என்கிற இடங்களுக்கு இது வரப்பிரசாதம். 2014-ல் சூஸி நிறுவனம் ஒரு வழியிலும் ரெட் ஹாட் இன்னொரு வழியிலும் செய்து காட்டின. 2015-ல் 4.0 கெர்னலில் பொதுவான அடித்தளம் வந்தது. 2017-ல் 4.12-ல் இரண்டு வழிகளையும் கலந்து, பழசும் புதுசும் குழம்பாமல் மாற்றும் முறை வந்தது.

அந்த முறை எதை நம்பி நிற்கிறது? ஸ்டாக் நடையை! ஒரு ப்ராசஸ் பழைய ஃபங்ஷனின் நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் புதியதற்கு மாற்றினால், பாதி வேலை பழைய விதிப்படி, மீதி வேலை புதிய விதிப்படி என்று ஆகிவிடும். அதனால் கெர்னல் தூங்குகிறவரின் ஸ்டாக்கில் நடந்து பார்க்கிறது. மாற்றப்போகும் ஃபங்ஷன் அதில் இல்லையென்றால் மாற்றுகிறது. இருந்தால் காத்திருக்கிறது. நடையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாலும் காத்திருக்கிறது.

அந்தக் கடைசி வரியில்தான் உயிர் இருக்கிறது. "இல்லை" என்ற பதிலுக்கும் "தெரியவில்லை" என்ற பதிலுக்கும் வித்தியாசம் தெரியாத நடையை வைத்துக்கொண்டு லைவ் பேட்சிங் செய்தால், அறுவை சிகிச்சை முடிவதற்குள் நோயாளி எழுந்து ஓடிவிடுவார். விழுந்த கதை சொல்லும்போது தப்பாகச் சொன்னால் ஒரு பொறியாளரின் மதியம் வீணாகும். இங்கே தப்பாகச் சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் போய்விடும். ஒரே நிரல்தான், பொறுப்பு மாறிவிட்டது. பொறுப்பு மாறியதற்கு அந்த நிரலைத் தொடாமலே விட்டவர்கள் பதில் சொல்லியிருக்க முடியுமா?

இன்னொரு உதாரணம். எந்த ப்ராசஸின் கெர்னல் ஸ்டாக்கையும் ஒரு கோப்பைப் படிப்பது போலப் படிக்கும் வசதி லினக்ஸில் உண்டு. அக்டோபர் 2018-ல் கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவின் யான் ஹோர்ன் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தன் கட்டுப்பாட்டில் இருக்கும் ப்ராசஸை இன்னொரு சிபியுவில் ஓடவிட்டு, அதே நேரம் அதன் ஸ்டாக்கில் நடக்கச் சொல்லலாம். நடப்பவர் படிக்கப் படிக்கக் காலடியில் சீட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். குப்பை எண்களை முகவரி என்று நம்பி வெளியே சொல்லிவிடுவார். கெர்னல் ஸ்டாக்கில் இருப்பது கசியும். அந்த வசதி ரூட் பயனருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். "வெறும் டீபக் நிரல்" செய்த வேலை இது.

*

கோடு போட்ட கிளை, கோடு போடாத கிளை

2019-ல் தாமஸ் க்ளைக்ஸ்னர் கையில் எடுத்த துப்புரவு இன்னும் சுவாரஸ்யம். கணக்கு எழுதிப் பழகியவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஸ்டாக்கைச் சேமித்து வாங்க ஒரு பொதுப் படிவம் இருந்தது. கேட்பவர் "இத்தனை சீட்டு போதும், முதல் இத்தனையைத் தாண்டிவிடு" என்று நிரப்பிக் கொடுப்பார். நடப்பவர் சீட்டுகளையும் எண்ணிக்கையையும் நிரப்பித் தருவார். எண்ணிக்கை இருக்கிறதல்லவா, அது போதும். ஆனால் சில ப்ராசஸர் வகைகளின் நிரல், பட்டியல் முடிந்தது என்று காட்ட கடைசியில் மிகப்பெரிய எண் ஒன்றையும் சேர்த்து வைத்தது. சில வகைகள் சேர்க்கவில்லை. அதனால் படிவத்தை வாங்குகிறவர்கள் பலர், "கடைசியில் அந்த எண் இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழி" என்று ஒரு வரியை எழுதி வைத்தார்கள். அடுத்தவர் அதைப் பார்த்துக் காப்பியடித்தார். அதற்கடுத்தவரும்.

சில கிளைகள் மொத்தத்துக்குக் கீழே கோடு போட்டு அனுப்புகின்றன, சில கிளைகள் போடுவதில்லை, அதனால் தலைமையலுவலகத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் கோடு இருக்கிறதா என்று பார்த்து ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் கணக்கு டாலி ஆகும். வண்டி ஓடும். ஆனால் ஒரு புதுக் குமாஸ்தா அழிக்க மறந்த அன்று?

க்ளைக்ஸ்னர் அந்தக் கோட்டையே ஒழித்தார். படிவம் இருந்த இடத்தில் நேரடியான ஃபங்ஷன்கள் வந்தன. ஒவ்வொரு ப்ராசஸர் வகையும் ஒரே ஒரு நடை ஃபங்ஷனைக் கொடுத்தால் போதும், மீதியைப் பொது நிரல் பார்த்துக்கொள்ளும் என்று ஆனது. ஜூலை 2019-ல் வந்த 5.2-ல் எக்ஸ்86 முதலில் மாறியது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

இப்போது ஆர்ம்64 கதையைப் பாருங்கள். எக்ஸ்86-ல் லைவ் பேட்சிங் முறையாக நிலைகொண்டது 2017-ல். ஆர்ம்64-க்கு அது மூல லினக்ஸில் வந்து சேர்ந்தது 2025-ல், 6.17 கெர்னலில். எட்டு வருடம்! லைவ் பேட்சிங் நிரல் எழுத ஆள் இல்லாமல் இல்லை. முக்கியமான முட்டுக்கட்டை, நம்பத்தக்க ஸ்டாக் நடை. அதற்காக அங்கேயும் நடையைப் பிரித்து, பொதுப் பகுதியைத் தனியாக எடுத்து, இன்டரப்ட் குறுக்கே வந்த இடங்களை ஒழுங்காகத் தாண்டவைத்து, வருடக்கணக்கில் சின்னச் சின்னப் பேட்சுகளாக வேலை பார்த்தார்கள். "கஸ்டமருக்குப் புதுசா" ஒன்று கிடைப்பதற்கு முன்னால் கட்ட வேண்டியிருந்த பாக்கி அது.

*

எல்லாத் துப்புரவும் துப்புரவு ஆகாது

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் யாராவது பழைய நிரலை எல்லாம் கலைத்துப் போட்டால் பாவம் இந்தப் பதிவையும் சேரும். வெட்டித் துப்புரவு என்று ஒன்று உண்டு. மாறிகளுக்குப் பெயர் மாற்றுவது, இடைவெளியைத் தள்ளி வைப்பது, தனக்குப் பிடித்த பாணிக்கு அடுத்தவர் எழுதியதை இழுப்பது. அது நிஜமாகவே தேவையில்லாத ஆணி. அதைப் பிடுங்குகிறவர்களால்தான் உருப்படியான துப்புரவுக்கும் கெட்ட பெயர்.

எது எது என்று பிரிக்க இந்தக் கதையிலேயே அளவுகோல் இருக்கிறது. ஒரே உண்மைக்கு நாலு பிரதிகள் இருந்து, முடிவில் ஒன்று ஆனதா? பழையது முழுசாக அழிந்ததா, இல்லை ஐந்தாவது பிரதியாகப் புதியதும் சேர்ந்துகொண்டதா? ஒவ்வொரு படியையும் தனியாகத் திருப்பி எடுக்க முடிந்ததா? முன்பு வாயை மூடிக்கொண்டிருந்த நிரல், இப்போது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொண்டதா? இந்த நாலுக்கும் ஆம் என்றால் அந்த வேலைக்குக் காசு கொடுக்கலாம்.

புதுசாகப் பழுது வராதா? வரும். 4.9-க்குப் பிறகும் அங்கங்கே நடையின் எச்சரிக்கைகள் பொய்யாக அலறியதும், அதைத் திருத்த மேலும் பேட்சுகள் வந்ததும் நடந்ததுதான். ஆனால் அலறுகிற பழுதை ஒரு வாரத்தில் பிடிக்கலாம். அலறாத பழுது மறையாக்க நிரலுக்குள் வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கும்.

*

இந்த மனப்பான்மைக்குக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வேர் இருக்கிறது. புது எந்திரம் வாங்கினால் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக ஏறும். இருக்கிற எந்திரத்துக்கு எண்ணெய் விட்டால் அந்த வருடச் செலவோடு போய்விடும். அதனால் எண்ணெய் விடுகிறவரைச் செலவு வைக்கிறவராகவும், புதுசு வாங்குகிறவரைச் சொத்து சேர்க்கிறவராகவும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் எண்ணெய் விடாத எந்திரத்தின் தேய்மானத்தை மட்டும் யாரும் நிரலுக்கு எழுதுவதில்லை. பூஜ்யம் தேய்மானம் காட்டும் கம்பெனியின் லாபத்தை எந்த ஆடிட்டர் நம்புவார்? நிரலில் மட்டும் எல்லோரும் நம்புகிறார்கள்.

"ஓடுற வண்டியை ஏன் பிரிக்கணும்?" என்று கேட்கிறவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓடுகிறது என்று உங்களுக்குச் சொன்னது யார்? அந்த டாஷ்போர்டு முள்ளைக் கடைசியாக யார் பிரித்துப் பார்த்தார்கள்?

பார்க்கவில்லை என்றால், ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கட்டும்.